ஷவர் சுவரில் புது டைல்ஸ் ஒட்டுமுன்: பழுதான சுவரைச் சரிப்படுத்தும் முறை

குளிக்கும் மூலையில் ஒரு டைல்ஸ் கழன்று விழுந்தால் உடனே கடைக்குப் போய் புது டைல்ஸ் பார்ப்பதுதான் வழக்கம். நிறமும் அளவும் தெரிவு செய்ய ஒரு கிழமை போகும். சுவருக்கு ஒரு நாள்கூடக் கிடைக்காது. இரண்டு மாரி தாண்டுவதற்குள் அதே இடத்தைத் தட்டினால், பிடிமானம் விட்டுப் பின்னால் வெற்றிடம் விழுந்ததைக் காட்டும் வெறுஞ்சத்தம் மறுபடி கேட்கும்.

டைல்ஸின் மினுக்கிய முகத்துக்குள் தண்ணீர் போகாது. ஆனால் டைல்ஸுகளுக்கு இடையிலுள்ள சீமெந்துக் கிரவுட் தண்ணீரை மெல்ல உறிஞ்சும். மூலைகளில் அது வெடித்தும்விடும். ஆகவே பின்னால் இருக்கும் பூச்சுதான் தண்ணீரைத் தாங்க வேண்டும். அந்தப் பூச்சு இளகியிருந்தால் அதன் மேல் எவ்வளவு விலை கூடிய டைல்ஸ் ஒட்டினாலும் பூச்சோடு சேர்ந்து கழன்று வரும்.

தண்ணீர் வரும் வழி

உடைக்க முன்னர் இதைக் கண்டுபிடிக்க வேண்டும். உடைத்த பிறகு எல்லாமே ஈரமாகத்தான் தெரியும்.

பழுது கீழ் இரண்டு அடியிலும் மூலையிலும் மட்டும் இருந்தால் பெரும்பாலும் கிரவுட் வழியாக இறங்கிய குளிக்கும் தண்ணீர்தான். குழாய்த் திறப்பைச் சுற்றி அல்லது ஷவர் தண்டுக்கு நேர் கீழே இருந்தால் பைப்பைச் சந்தேகிக்கலாம். ஷவருக்கு அப்பாலும் சுவர் நெடுக மூன்றடி உயரம்வரை ஒரே அளவில் ஊறியிருந்தால் அது நிலத்திலிருந்து ஏறும் ஈரம். அத்திவாரத்துக்கு மேல் ஈரத்தடுப்புப் படை இல்லாத பழைய வீடுகளில் இதைக் காணலாம். கார்த்திகை, மார்கழியில் மட்டும் நனைந்து கோடையில் காய்ந்துவிடுகிறதென்றால் வாடைக்காற்றோடு வரும் மழை வெளிச்சுவரால் உள்ளே வருகிறது. கடைசி இரண்டுக்கும் உள்ளே செய்யும் வேலை எதுவும் மருந்தாகாது. வெளிப்பூச்சின் வெடிப்பை அடைக்க வேண்டும். வெளி நிலம் உள்தரையைவிட உயர்ந்திருந்தால் மண்ணை வெட்டித் தாழ்த்த வேண்டும். அதற்குப் பிறகுதான் டைல்ஸ்.

பைப் கசிகிறதா என்று பார்க்க, எல்லாத் திறப்பையும் மூடிவிட்டு மீற்றரை ஒரு மணித்தியாலம் கவனியுங்கள். மேல்தாங்கியிலிருந்து தண்ணீர் வந்தால், தாங்கிக்கு ஏறும் குழாயை இரவில் அடைத்து, தண்ணீர் நிற்கும் மட்டத்தில் ஒரு அடையாளம் போட்டுக் காலையில் பாருங்கள். இந்தச் சோதனையில் பலரும் தவறவிடும் ஒன்று உண்டு. ஷவர் திறப்புக்கு மேலே உள்ள பைப்பில் ஷவர் ஓடும்போது மட்டுமே தண்ணீர் இருக்கும். அங்கே கசிவு இருந்தால் இரவுச் சோதனையில் பிடிபடாது. ஷவர் தலையைக் கழற்றி, தண்டின் வாயை மூடியால் இறுக்கி, திறப்பைத் திறந்துவிட்டு, பிறகு மட்டத்தைப் பாருங்கள்.

உடைப்பது

முதலில் மின்சாரம். சுவரில் ஹீட்டர் இருந்தால் அதன் ட்ரிப் சுவிச்சை நிறுத்தி, இணைப்பைக் கழற்றுவதை மின்வேலை தெரிந்தவரிடம் விடுங்கள். தண்ணீர் போகும் வாயைப் பழந்துணியால் அடைத்து மேலே பொலித்தீன் போட்டு ஒட்டுங்கள். அதற்குள் விழும் சீமெந்துத் துண்டு பின்னால் தரையையே உடைக்க வைக்கும். கொமட்டையும் மூடிவிடுங்கள்.

சுவரின் ஒரு பகுதியை மட்டும் மாற்றுவதென்றால் எல்லையிலுள்ள கிரவுட் கோட்டைக் கிரைண்டரால் முதலில் அறுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் உளியின் அதிர்ச்சி பக்கத்து நல்ல டைல்ஸுக்கும் போய் அதையும் கழற்றும். ஏற்கெனவே விழுந்த அல்லது வெடித்த இடத்திலிருந்து தொடங்கி, தட்டை உளியைச் சுவரோடு சாய்த்துப் பிடித்து, ஒரு கிலோவுக்கு மேற்படாத சுத்தியலால் தட்டுங்கள். எங்கள் திருகோணமலைப் பக்கத்து உட்சுவர்கள் பல 4 அங்குல சீமெந்துக்கல்லில் கட்டியவை. பெரிய இடிப்பு மெஷினை அவற்றில் வைத்தால் கல்லின் முகமே பெயர்ந்து மறுபக்க அறையில் வெடிப்பு விழும். வேலையை வேகமாக முடிக்க மேசன் பாஸ் அந்த மெஷினைக் கொண்டுவந்தாலும் இந்தச் சுவருக்கு வேண்டாமென்று சொல்லிவிடுங்கள்.

சீமெந்துத் தூசி, அதிலும் கிரைண்டர் கிளப்பும் மெல்லிய தூசி, நுரையீரலுக்குக் கேடு. மூக்குக்குத் துணி கட்டினால் போதாது. தூசி வடிக்கும் முகமூடியும் கண்ணாடியும் வேண்டும். அறுக்கும்போது சுவரில் இலேசாகத் தண்ணீர் தெளித்தால் தூசி அடங்கும், ஆனால் மின்கருவி நனையக் கூடாது.

எஞ்சியிருக்கும் பூச்சைச் சோதிப்பது

டைல்ஸ் போனதும் சுத்தியல் பிடியால் அரை அடிக்கு ஒரு தட்டு என்று சுவர் முழுக்கத் தட்டிப் பாருங்கள். வெறுஞ்சத்தம் வரும் இடங்களைச் சோக்கால் வட்டமிடுங்கள். பிறகு ஒரு ஆணியால் அழுத்திக் கீறுங்கள். கீறல் மட்டும் விழுந்தால் பூச்சு உறுதி. மணலாக உதிர்ந்து குழி விழுந்தால் அந்த இடம் போக வேண்டியதுதான். வட்டமிட்ட இடத்துக்கு வெளியே இன்னும் அரை அடியாவது, உறுதியான பூச்சு வரும்வரை, கழற்றுங்கள். மொத்தச் சுவரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெறுஞ்சத்தம் என்றால் ஒட்டுப்போட்டு மினக்கெட வேண்டாம், கல் தெரியும்வரை எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். பழைய பூச்சும் புதிய பூச்சும் சந்திக்கும் ஒவ்வொரு கோடும் நாளைய வெடிப்பு.

டைல்ஸ் இல்லாத மேல்பகுதிக்கும் இம்முறை டைல்ஸ் ஏற்றப் போகிறீர்களென்றால் அங்குள்ள பெயின்றையும் அதன் கீழுள்ள புட்டியையும் சுரண்டி எடுக்க வேண்டும். ஈரம் பட்டதும் புட்டி மாவாகும். பெயின்றைக் கொத்திப் பள்ளம் மட்டும் போட்டுவிட்டு ஒட்டினால், டைல்ஸைப் பிடித்திருப்பது பெயின்றுதான், சுவரல்ல.

பூச்சு கழன்ற இடத்தில் தூணின் கம்பி துருப்பிடித்துத் தெரிந்தால் நின்று யோசியுங்கள். மேல் துரு மட்டும் என்றால் கம்பித் தூரிகையால் தேய்த்து, துருத்தடுப்புப் பூசிவிட்டுத் தொடரலாம். கம்பி மெலிந்து, கொங்கிறீட் பாளம் பாளமாகப் பிரிந்திருந்தால் அது டைல்ஸ் வேலைக்குள் அடங்காது. பொறியியலாளர் ஒருவர் பார்க்க வேண்டும்.

உப்பு

திருக்கடலூர், உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி என்று திருகோணமலைக் கரையோரம் முழுக்க உள்ள வீடுகளில் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். கடற்காற்று, உவர் கலந்த கிணற்றுத் தண்ணீரில் குழைத்த பழைய கலவை, கழுவாத மணல் என்று உப்பு பல வழியால் சுவருக்குள் வந்திருக்கும். சுவர் காயும்போது அது வெள்ளையாக முகத்துக்கு வந்து பூக்கும். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 வீதத்தைத் தாண்டும்போது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கரையும். ஈரப்பதம் குறைய மறுபடி உறையும். கடலோரத்தில் இது அடிக்கடி நடக்கும். உறையும் ஒவ்வொரு தடவையும் பூச்சுக்கும் டைல்ஸுக்கும் நடுவே தள்ளும். யாரும் குளிக்காத அறையிலும் டைல்ஸ் கழல்வதற்கு ஒரு காரணம் இது.

பூத்த உப்பைத் தண்ணீரால் கழுவாதீர்கள். கழுவினால் கரைந்து திரும்பவும் சுவருக்குள் போய்விடும். காய்ந்த தூரிகையால் தேய்த்து, கீழே விரித்த பொலித்தீனில் விழவைத்து வெளியே கொட்டுங்கள். இரண்டு மூன்று நாள் விட்டுப் பாருங்கள், மறுபடி பூக்கும், மறுபடி தேயுங்கள். பூப்பது குறைந்து நிற்கும்வரை பூச வேண்டாம். அவசரத்துக்கு உப்பின் மேல் சீமெந்துப்பால் அடித்து மறைக்கும் வழக்கம் உண்டு. அது தோல் உரிவதுபோல உரியும்.

சுவருக்குள் இருக்கும் பைப்

சுவர் திறந்திருக்கும் நேரமே பைப் மாற்றும் நேரம். பழைய இரும்புப் பைப் இருந்தால், இப்போது கசியாவிட்டாலும் எடுத்துவிடுங்கள். திறப்பு பூட்டும் வாய்க்குப் பித்தளை மரை வைத்த எல்போ வாங்குங்கள். வெறும் பிவிசி மரை, திறப்பை இரண்டு தரம் இறுக்கினால் வெடிக்கும். தாங்கிப் பாணி ஹீட்டரிலிருந்து சுடுதண்ணீர் ஓடுமென்றால் சாதாரண பிவிசி தாங்காது, சூடு தாங்கும் பிபிஆர் அல்லது சிபிவிசி பைப் வேண்டும்.

பைப்புக்கு வெட்டும் பள்ளத்துக்கு ஒரு கணக்கு உண்டு. நெடுக்காக வெட்டினால் சுவரின் தடிப்பில் மூன்றில் ஒன்று, கிடையாக வெட்டினால் ஆறில் ஒன்றுக்கு மேல் போகக் கூடாது. 4 அங்குலச் சுவருக்குக் கிடையாக 16 மில்லிமீற்றர்தான் வரும், அரை அங்குலப் பைப்பே அதற்குள் மறையாது. ஆகவே கிடையோட்டத்தைத் தரையோரம் அல்லது கூரைக்கு மேலே கொண்டுபோய், சுவரில் நெடுக்காக மட்டும் இறக்குங்கள்.

திறப்பின் வாய் முடிந்த டைல்ஸ் முகத்தோடு சரியாக வர வேண்டும். பூச்சு 15, அதன் மேல் தண்ணீர் புகாமல் பூசும் நீர்காப்பு 2, ஒட்டுக்கலவை 5, டைல்ஸ் 9 மில்லிமீற்றர் என்றால் கல்முகத்திலிருந்து 31. ஒரு டைல்ஸ் துண்டைக் கையில் வைத்து அளந்து பொருத்துங்கள். மூடுமுன் வாய்களை அடைத்து, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றிச் சோதியுங்கள். மேல்தாங்கித் தண்ணீரை மட்டும் நம்பிச் சோதித்தால் போதாது. தாங்கி 5 மீற்றர் உயரத்தில் இருந்தாலும் அது தரும் அழுத்தம் அரை பார்தான். மெல்லிய கசிவு அதற்குத் தெரியாது.

பூச்சு

மணல் ஆற்று மணலாக இருக்கட்டும். சிப்பித் துண்டு தெரிந்தால் திருப்பி அனுப்புங்கள். சேறு பார்க்க, ஒரு கண்ணாடிப் போத்தலில் பாதிக்கு மணல் போட்டு, ஒரு சிட்டிகை உப்போடு தண்ணீர் விட்டுக் குலுக்கி மூன்று மணித்தியாலம் வையுங்கள். 10 சென்ரிமீற்றர் மணலுக்கு மேல் படியும் சேறு 8 மில்லிமீற்றரைத் தாண்டினால் கழுவிப் பாவியுங்கள். கலவைக்குக் குடிக்கக்கூடிய தண்ணீர்தான். கரையோரக் கிணறு குளிக்க உதவும் (குளியலறை மூன்று கிழமைக்கு மூடியிருக்கும் என்பதால் நன்றாகவே உதவும்), கலவைக்கு வேண்டாம்.

கல்முகத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, தூசியைத் தட்டி, முதல்நாள் பின்னேரம் நனைத்துவிடுங்கள். மறுநாள் கல் உள்ளே ஈரமாகவும் முகத்தில் தண்ணீர் மினுங்காமலும் இருக்க வேண்டும். ஒரு பங்கு சீமெந்துக்கு இரண்டு பங்கு பருமணல் என்று தண்ணியாகக் குழைத்து, கரண்டியால் சுவரில் எறிந்து, சொரசொரப்பான முதல்படையைப் போட்டு, ஒரு நாள் ஈரமாக வையுங்கள். அதன் மேல் 1:4 கலவை. இதைவிடச் சீமெந்து கூட்டினால் பலம் கூடும் என்று நினைப்பது தவறு. கூடின சீமெந்து கூடச் சுருங்கும். சுருங்கும்போது பலவீனமான கல்லிலிருந்து தன்னைத்தானே பிய்த்துக்கொள்ளும். நகருக்குள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டிய பழைய வீடுகளில் 1:4-ஏ கடினம்தான். அங்கே சீமெந்து 1, சுண்ணாம்பு 1, மணல் 6 பொருந்தும்.

ஒரு படை 15 மில்லிமீற்றருக்கு மேல் வேண்டாம். பள்ளம் ஆழமென்றால் இந்தக் கலவையின் முதல் படையைக் கீறிவிட்டு மறுநாள் இரண்டாம் படை. பழைய பூச்சோடு சேரும் விளிம்பிலும் பைப் பள்ளத்தின் மேலும் இருபக்கமும் நான்கு அங்குலம் ஏறும்படி கண்ணாடி நார் வலை வைத்துப் பூசுங்கள். இரும்புக் கோழிவலை கடற்காற்றில் துருப்பிடித்துத் தானே பூச்சைத் தள்ளும்.

ஒட்டுப்போடும் விளிம்புகளுக்கு எஸ்.பி.ஆர். பால் (பிடிமானத்துக்குச் சீமெந்தோடு கலக்கும் செயற்கை ரப்பர் பால்) நல்லது. பாலும் தண்ணீரும் சம அளவு கலந்து, தூரிகையில் நிற்கும் பதத்துக்குச் சீமெந்து சேர்த்துப் பூசுங்கள். அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே கலவையை ஏற்ற வேண்டும். மேசன் தேநீர் குடித்து வருவதற்குள் அது காய்ந்திருந்தால் சுரண்டிவிட்டு மறுபடி பூச வேண்டும், காய்ந்த எஸ்.பி.ஆர். பசை ஒட்டாது, பிரிக்கும்.

மேல்முகத்தை மரப்பலகையால் தேய்த்து விடுங்கள். சீமெந்துத் தூள் தூவி இரும்புக் கரண்டியால் மினுக்குவது வெளிச்சுவருக்கு அழகு, டைல்ஸுக்குப் பிடிமானம் இல்லை.

பிறகு ஏழு நாள் நனைப்பு. வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் வீசும் நாட்களில் இதை விட்டுவிட்டால் பூச்சு பாளம் பாளமாக வெடிக்கும். யன்னலைச் சாத்தி, நனைத்த சாக்கைச் சுவரில் தொங்கவிட்டு, நாளுக்கு மூன்று தரம் தெளியுங்கள். மாரியில் பிரச்சினை மறுபக்கம்: பூச்சு பதமாக ஆறும், ஆனால் காயாது. அதனால் இந்த வேலைக்கு மாசியிலிருந்து புரட்டாதி வரையான காலமே வசதி. நனைப்பு முடிந்தபின் இன்னும் ஒரு கிழமை சும்மா விடுங்கள்; சுருக்கத்தின் பெரும்பகுதி அதற்குள் முடியும்.

மூன்றடிச் சுவரும் நாலடிச் சுவரும் சேர்ந்த மூலைக்கு, ஏழடி உயரம் என்றால் 49 சதுர அடி. 15 மில்லிமீற்றர் பூச்சுக்கு ஏறக்குறைய 26 கிலோ சீமெந்தும் இரண்டரைக் கன அடி மணலும் போகும். எறியும் படையையும் சேர்த்து ஒரு 50 கிலோ பை தாராளம்.

நேர்

இரண்டு மீற்றர் மட்டப்பலகையைச் சுவரில் குறுக்கே, நெடுக்கே, மூலைவிட்டமாக வைத்துப் பாருங்கள். ஒரு அடிக்கு இரண்டடி டைல்ஸ் என்றால் இடைவெளி 3 மில்லிமீற்றருக்குள் இருக்க வேண்டும். தூக்குக்குண்டையும் ஒரு தரம் தொங்கவிடுங்கள். மூலை சதுரமா என்று 60, 80, 100 சென்ரிமீற்றர் அளந்து பார்க்கலாம். பள்ளத்தை இப்போதே பூச்சால் நிரப்புங்கள். பின்னால் ஒட்டுக்கலவையைத் தடிப்பாக வைத்து நிரப்பலாம் என்றால் அது சுருங்கி டைல்ஸை உள்ளே இழுக்கும்.

நீர்காப்பு

தரையும் சுவரும் சந்திக்கும் மூலையில் விரற்கடை அளவுக்குக் கலவை வைத்து வளைவாக்குங்கள். மூலைகளிலும் பைப் வாயைச் சுற்றியும் நீர்காப்பு நாடாவை முதல் பூச்சுக்குள் பதியுங்கள். தண்ணீர் கசிவது நடுச்சுவரில் அல்ல, இந்த இடங்களில்தான். ஷவர் மூலையில் ஷவர் தலைக்கு அரை அடி மேல்வரையும், மற்றச் சுவர்களில் தரையிலிருந்து ஓரடியும், தரை முழுக்கவும் பூச வேண்டும்.

கடையில் இரண்டு வகை கிடைக்கும். சுவரைத் தயார்படுத்தும் விதம் இரண்டுக்கும் நேரெதிர். தூளும் பாலும் கலக்கும் சீமெந்து வகைக்குச் சுவர் ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்த சுவர் அதன் தண்ணீரை உறிஞ்சி அதை மாவாக்கிவிடும். வாளியில் திறந்தவுடன் பூசும் அக்ரிலிக் வகைக்குச் சுவர் காய்ந்திருக்க வேண்டும்; ஈரத்தில் கொப்புளம் எழும். காய்ந்ததா என்று அறிய ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீனை நான்கு பக்கமும் ஒட்டி 16 மணித்தியாலம் விடுங்கள். உள்ளே துளி கட்டினாலோ சுவர் கறுத்தாலோ இன்னும் காயவில்லை.

சீமெந்து வகையை இரண்டு பூச்சாக, முதலாவது குறுக்கே, இரண்டாவது நெடுக்கே பூசுங்கள். இரண்டும் சேர்ந்து 2 மில்லிமீற்றர் வர சதுர மீற்றருக்கு 2 முதல் 3 கிலோ பிடிக்கும். மேலே சொன்ன மூலைக்கும் அதன் தரைக்கும் சேர்த்து 15 கிலோ அளவு. அரை மணித்தியாலத்தில் முடிக்கக்கூடியதை மட்டும் குழையுங்கள். இறுகத் தொடங்கியதில் தண்ணீர் விட்டு இளக்கினால் அந்தக் குழையல் குப்பைக்குத்தான். இரண்டாம் பூச்சு ஈரமாக இருக்கும்போது சலித்த மணலை மெல்லத் தூவினால் டைல்ஸுக்குப் பிடிமானம் கிடைக்கும்.

பையில் எழுதிய நாட்கள் ஆறவிட்டு, தண்ணீர் போகும் வாயை அடைத்து, தரையில் இரண்டு அங்குலத் தண்ணீரை 24 மணித்தியாலம் நிறுத்துங்கள். மட்டம் தாழ்கிறதா, மறுபக்கச் சுவரடி நனைகிறதா என்று பாருங்கள். தாழ்ந்தால் டைல்ஸ் வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

டைல்ஸ் பாஸ் வருமுன்

பைப் ஓடும் இடங்களை, மூலையிலிருந்து எத்தனை அங்குலம் என்று அளவுநாடா தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். நீர்காப்பின் மேல் வெறும் சீமெந்துக் குழையல் சரியாகப் பிடிக்காது. பொலிமர் கலந்த ஒட்டுக்கலவை வாங்கி, பல்லுள்ள கரண்டியால் முழுப்பரப்புக்கும் இழுக்கச் சொல்லுங்கள். டைல்ஸின் நடுவிலும் நான்கு மூலையிலும் உருண்டை வைத்து ஒட்டினால் பின்னால் வெற்றிடம் விழும், தண்ணீர் அங்கேதான் தேங்கும். சவர்க்காரத் தட்டு, துவாய்க் கம்பி, ஹீட்டர் ஆகியவற்றுக்குத் துளை எங்கே என்பதையும் இப்போதே முடிவெடுங்கள். டைல்ஸுக்குப் பின் போடும் ஒவ்வொரு துளையும் நீர்காப்பைத் துளைக்கும். துளைக்குள் சிலிக்கன் நிரப்பிய பிறகே ஆணிப்பிடியைச் செருக வேண்டும்.